நெஞ்சுக்குள் ஏலக்காய் போட்ட கதை

வயிற்றுக்கு ஒத்துக்கொண்ட எதுவும் நெஞ்சுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நான் நம்பியிருந்தேன். சிரிக்காதீர்கள். ஐம்பதைத் தாண்டிய, வரி கட்டுகிற, வாகனம் ஓட்ட அனுமதி உள்ள ஒரு மனிதன் இதை மனப்பூர்வமாக நம்பினான். சாப்பாடும் புகையும் வாயால்தானே போகின்றன? ஒரே வாசல். உள்ளே போன பிறகு ஒன்று இந்தப் பக்கம் திரும்புகிறது, மற்றது அந்தப் பக்கம் திரும்புகிறது. வாசலில் நிற்கிற காவல்காரன் நாக்குத்தான். அவனுக்குப் பிடித்தால் போதும், உள்ளே இருக்கிறவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்பது என் சட்டம்.

இந்தச் சட்டம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று சொல்வதற்கு முன், என் மனைவியின் முழங்கால்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் பெருங்குடிகாரன் இல்லை, சூதாடி இல்லை. சிகரெட் ஒன்றுதான். மொன்றியலுக்கு வந்து, துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தொடங்கின பிறகு அது இரட்டிப்பானது. மாசி மாதக் குளிரில் வெளியே நின்று பத்திப் பாருங்கள். சிகரெட் புகை எங்கே முடிகிறது, மூச்சின் ஆவி எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. ஒன்று பத்தினால் இரண்டு பத்தின திருப்தி. இப்படி ஒரு சலுகையை வேறு எந்த ஊர் தரும்?

மனைவி கெஞ்சினாள். திட்டினாள். கதைக்காமல் இருந்து பார்த்தாள். அது எனக்கு வசதியாக இருக்கிறதைக் கண்டு திரும்பக் கதைக்கத் தொடங்கினாள். கடைசியில் என்னை விட்டுவிட்டு மேலிடத்துக்குப் போனாள். நான் சிகரெட்டை விட்டால், மலையில் இருக்கிற சூசையப்பர் கோயிலின் மரப்படிகளில் முழங்காலில் ஏறுவதாக நேர்த்தி வைத்தாள். ஆட்கள் காரியம் கைகூடின பிறகுதான் நேர்த்தியைச் செலுத்துவார்கள். அவள் முதலே செலுத்திவிட்டாள்.

"உங்களைப் பாத்துக்கொண்டிருந்தால் எனக்கு வயசு போயிடும். பேந்து ஏறேலாது" என்றாள்.

அவள் நடுவில் உள்ள மரப்படிகளில் முழங்காலில் ஏற, நான் பக்கத்துப் படிகளில் அவளுடைய கைப்பையையும் தண்ணீர்ப் போத்தலையும் தூக்கிக்கொண்டு நடந்து ஏறினேன். பாதி வழியில் எனக்கு மூச்சு வாங்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முழங்காலில் ஏறுகிறவள், நடந்து ஏறுகிறவனுக்காக நின்று காத்திருந்தாள். பின்னால் வந்த ஒரு கிழவி பிரெஞ்சில் என்னவோ சொன்னாள். மனைவி, "உங்களுக்காகச் செபிக்கிறாவாம்" என்று மொழிபெயர்த்தாள். அந்த அவமானத்தில்தான் நான் சிகரெட்டை விட்டேன்.

விட்டேன் என்றால், வேப்பு என்கிற மின்சிகரெட்டுக்கு மாறினேன். மாம்பழ வாசம். சின்னக் கருவி, உள்ளே திரவம், இழுத்தால் ஆவி. சிகரெட்டின் நினைவு வரும்போதெல்லாம் ஒரு மாம்பழம். மனைவிக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனால் சூசையப்பர் இதைப் பாதிக்கு மேல் நிறைவேற்றமாகக் கணக்கெடுப்பார் என்று அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். அவளுடைய முழங்கால்கள் அன்றைக்கு வீங்கினவை, பிறகு முழுக்கச் சுகமாகவில்லை. குனிந்து அடுப்புக்குள் தட்டு வைக்கும்போது "ஆ" என்பாள். அடுத்து என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: அங்கே முன்பணம் கட்டியாயிற்று, நீங்கள் திரும்பப் பத்தினால் நான் சூசையப்பரின் முகத்தில் எப்படி முழிப்பேன்?

இந்த நேரத்தில்தான் கியூபெக் அரசு, வேப்புத் திரவத்தில் இனி வாசம் எதுவும் இருக்கக்கூடாது என்று தடை போட்டது. கடைக்குப் போனேன். மாம்பழம் இல்லை, முந்திரிகை இல்லை, ஒன்றுமே இல்லை. புகையிலை வாசம் இருக்கிறது, வாசமே இல்லாததும் இருக்கிறது என்றான் கடைக்காரன். புகையிலை வாசத்தை இழுத்தால் அசல் புகையிலை வேண்டும் போலிருக்கும். அது எனக்குத் தெரியும். வாசம் இல்லாததை வாங்கினேன். வெறும் சோற்றை ஆவியாக்கி இழுத்தது போல் இருந்தது. கறி எங்கே, சொதி எங்கே என்று நாக்கு தேடியது.

வேலையிடத்தில் என்னோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஒரு மன்னார்க்காரன் இருக்கிறான். நாற்பது வயது, என்னை அண்ணை என்பான், வாயைத் திறந்தால் நக்கல். இடைவேளையில் பக்கத்தில் நின்று அசல் சிகரெட்டைப் பத்துவான்.

"என்ன அண்ணை, இண்டைக்கு என்ன பழம்?"

"பழம் இல்லையடா. தடை."

"அப்ப என்னத்தை இழுக்கிறியள்? தண்ணியையோ?" சிகரெட் பெட்டியை எனக்கு முன்னால் திறந்து நீட்டினான். "ஒண்டு எடுங்கோ. அண்ணிக்குச் சொல்லமாட்டன்."

கை போனது. கடவுளறிய, என் கை அந்தப் பெட்டிக்குப் பாதி வழி வரை போனது. அப்போது எனக்கு மனைவி அடுப்புக்கு முன்னால் "ஆ" என்கிற சத்தம் கேட்டது. கையைத் திருப்பி மூக்கைச் சொறிந்தேன். அவன் அதைக் கவனித்தான். "மூக்குக்கு ஒண்டு வேணுமோ?" என்றான்.

அன்று வீட்டுக்குப் போகிற வழியில் முடிவெடுத்தேன். வாசம் விற்கத்தான் தடை. என் வீட்டுக் குசினியில் நான் வாசம் சேர்த்தால் எந்தப் பொலிசுக்காரன் மணந்து பார்க்கப்போகிறான்? இல்லாவிட்டால் இந்தக் கை என்றைக்கோ ஒரு நாள் பெட்டி வரைக்கும் போய்விடும். என் மனைவியின் முழங்கால்களைக் காப்பாற்றுவதற்காகவே நான் இரசாயன விஞ்ஞானி ஆனேன். வரலாறு இதை மறக்கக்கூடாது.

நேரமும் தோதாக அமைந்தது. கார்த்திகை மாதம். எங்கள் வீட்டில் கிறிஸ்மஸ் கேக்குக்கு ஆயத்தம் தொடங்கியிருந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: இது முட்டையும் மாவும் அடித்து அரை மணித்தியாலத்தில் இறக்கிற கேக் இல்லை. ரவை, கஜு, முந்திரிகை வத்தல் என்கிற உலர்ந்த திராட்சை, சீனிப்பாகில் காய்ச்சின பூசணி, தேன், பிராண்டி, எல்லாவற்றையும் பொடிப்பொடியாக வெட்டி, ஊறவைத்து, கிழமைக்கணக்கில் காத்திருந்து செய்கிறது. இதற்கு எசன்ஸ் சேர்ப்பதில் என் மனைவி கஞ்சத்தனம் பார்க்கமாட்டாள். தமிழ்க் கடைக்குப் போய் ரோஸ், பாதாம், வனிலா, பட்டர், ஏலக்காய் என்று சின்னச் சின்னப் போத்தல்களை வாங்கி வந்து, ஜன்னலோரம் வரிசையாக அடுக்கியிருந்தாள். கோயிலில் கூட்டுத்திருப்பலி வைக்க நிற்கிற பாதிரிச் சுவாமிமார் போல் நின்றன.

நான் அவற்றுக்கு முன்னால் நின்றேன். எனக்குத் தேவை பாதுகாப்பான வாசம். பாதுகாப்பு என்றால் என்ன? என் அளவுகோல் தெளிவு. இந்தக் கேக்கை ஒவ்வொரு வருசமும் எங்கள் பங்குச் சனம் முழுதும் தின்கிறது. பாட்டுக்குழு தின்கிறது. சுவாமி இரண்டு துண்டு தின்கிறார். இதுவரை ஒருவரும் சாகவில்லை. இதைவிடப் பெரிய பரிசோதனையை எந்த ஆய்வுகூடம் செய்யப்போகிறது?

ஒவ்வொன்றாக விசாரணைக்கு எடுத்தேன். ரோஸ்: நல்ல வாசம், ஆனால் சிவப்புச் சாயம் கலந்திருக்கிறது. நாளைக்கு எக்ஸ்ரே எடுத்தால் நெஞ்சு சிவப்பாகத் தெரியுமே, தள்ளு. பாதாம்: கொஞ்சம் கூடினால் கசக்கும் என்று மனைவி சொல்லியிருக்கிறாள், தள்ளு. வனிலா: அதில் மதுசாரம் இருக்கிறது, நான் வேலையில் வாகனம் ஓட்டுகிறவன், பொறுப்புள்ள மனிதன், தள்ளு. பட்டர்: ஆசையாக இருந்தது. மூடியைத் திறந்து மணந்தேன், பேக்கரிக்குள் நுழைந்த மாதிரி. ஆனால் எனக்குக் கொலஸ்ட்ரோல் இருக்கிறது. இரத்தத்தில் இருப்பது போதாதென்று மூச்சிலும் ஏற்றுவதா? மன உறுதியோடு தள்ளினேன்.

மிஞ்சியது ஏலக்காய். ஏலக்காய் மருந்து அல்லவா? வாய்வுக்கு நல்லது, தேத்தண்ணிக்கு நல்லது. போத்தலின் முன்பக்கத்தில் பச்சை ஏலக்காய் மூன்று, ஒன்றோடொன்று சாய்ந்து, குடும்பப் படம் மாதிரி. பின்பக்கத்தில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பொடி எழுத்தில் என்னவோ இருந்தது. இந்த ஊரில் எல்லாவற்றையும் இரண்டு மொழியில் எழுதுவார்கள். நான் இரண்டையும் வாசிப்பதில்லை. எந்த மொழிக்காரரும் மனம் நோகக்கூடாது.

இருமல் மருந்து முடிந்துபோன மண்ணிறப் போத்தல் ஒன்றைக் கழுவிக் காயவைத்தேன். வெளிச்சம் படக்கூடாது என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தேன். வாசமில்லாத திரவத்தை அதற்குள் ஊற்றினேன். ஏலக்காயைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். பிறகு, கேக்குக்கு விடுகிற கணக்கில் சற்றுத் தாராளமாகவே விட்டேன். மூடி, ஒரு குலுக்குக் குலுக்கி, அலமாரிக்குள் வைத்தேன். கேக்குக் கலவை ஊறுவது போல் இதுவும் ஊறவேண்டும். ஊறினதைத் திரும்பக் கலக்கக்கூடாது, வாசம் போய்விடும். இது என் மனைவி பழங்களுக்குச் சொல்கிற விதி. நான் அதை அப்படியே திரவத்துக்கும் அமுல்படுத்தினேன். பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கிற நீண்ட துளிசொட்டியைப் போத்தலின் அடி வரைக்கும் விட்டு உறிஞ்சி, கருவிக்குள் நிரப்பினேன்.

பல்கனியில் நின்று முதல் இழுவை இழுத்தேன்.

என்னத்தைச் சொல்ல. ஏலக்காய்! தேத்தண்ணியும் பாயாசமும் கலியாண வீடும் சேர்ந்து ஒரே மூச்சில் உள்ளே போயின. விரலில் ஏலக்காய், மூக்கில் ஏலக்காய், நெஞ்சு முழுக்க ஏலக்காய். நான் தனியாக நின்று சிரித்தேன். ஒரு அரசாங்கத்தை என் குசினியிலிருந்து தோற்கடித்திருக்கிறேன்.

போத்தலை வேலைக்குக் கொண்டுபோய் என் அலமாரியில் வைத்தேன். இடைவேளைக்கு இடைவேளை அதிலிருந்து நிரப்புவேன். மன்னார்க்காரன் சிகரெட்டோடு வந்து நின்றான்.

"பழம் வந்திட்டுதோ அண்ணை?"

"பழம் இல்லை. ஏலக்காய். சொந்தத் தயாரிப்பு." அவன் முகத்துக்கு நேரே ஒரு மேகத்தை விட்டேன். "மணந்து பார்."

அவன் மணந்தான். இன்னொரு தரமும் மணந்தான். "ஒண்டும் மணக்கேல்லையே."

"உன்ர மூக்கு சிகரெட்டாலை செத்துப்போச்சு."

"இல்லை அண்ணை, உங்கட கை மணக்குது. புகை மணக்கேல்லை."

"செத்த மூக்குக்குக் கையும் புகையும் ஒண்டுதான்" என்று அவனை அடக்கினேன். அவன் பெட்டியைத் திறந்து நீட்டினான். என் கை அசையவில்லை. ஒரு அங்குலம்கூட. ஏலக்காய் வேலை செய்கிறது என்று உள்ளுக்குள் கொண்டாட்டம். இதைச் சின்னப் போத்தல்களில் அடைத்துப் பங்குச் சனத்துக்கு விற்கலாமோ என்றுகூட யோசித்தேன். பேர் எல்லாம் வைத்துவிட்டேன். அதைச் சொல்லமாட்டேன், வெட்கமாக இருக்கிறது.

கேக்குக்குப் பழம் வெட்டுகிற சனிக்கிழமை வந்தது. ஒவ்வொரு வருசமும் மனைவியின் தங்கச்சி பக்கத்து ஊரான லவாலிலிருந்து இதற்கென்று வருவாள். என்னுடைய மச்சாள். ஆஸ்பத்திரியில் மூச்சு சம்பந்தமான வேலை. மூச்சு விடக் கஷ்டப்படுகிறவர்களுக்கு மெசின் பூட்டுகிறது, ஒட்சிசன் கொடுக்கிறது, நுரையீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று ஊதவிட்டுப் பார்க்கிறது. பிரெஞ்சில் அந்த வேலைக்கு ஒரு நீளமான பேர். அதைச் சொல்லி முடிக்கவே நல்ல நுரையீரல் வேண்டும். மேசைக்கு ஒரு பக்கம் அவள் கஜு வெட்ட, மறுபக்கம் மனைவி பூசணி வெட்ட, நான் நடுவில் இருந்து முந்திரிகை வத்தலை வெட்டுகிற சாட்டில் தின்றுகொண்டிருந்தேன்.

மனைவி ஜன்னலோரம் போய் ஒரு போத்தலைத் தூக்கிப் பார்த்தாள். "இதென்னப்பா, ஏலக்காய் பாதியாக் கிடக்கு? திறக்கவேயில்லையே நான்."

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் வெற்றிபெற்றவனுக்குப் பொய் சொல்ல மனம் வராது. எழுந்து நின்றே அறிவித்தேன். தடை, என் கண்டுபிடிப்பு, பட்டரைக் கொலஸ்ட்ரோலுக்காகத் தியாகம் செய்தது, எல்லாவற்றையும் சொன்னேன். கைதட்டுவார்கள் என்று நினைத்தேன்.

மச்சாள் கத்தியைக் கீழே வைத்தாள். போத்தலை அக்காவின் கையிலிருந்து வாங்கி, ஏலக்காய்க் குடும்பத்தைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசித்தாள்.

"அத்தான், இதிலை என்ன எழுதியிருக்கு?"

"ஏலக்காய் எண்டுதான்."

"சூரியகாந்தி எண்ணெய் எண்டு எழுதியிருக்கு. ஏலக்காய் வாசம் போட்ட எண்ணெய் இது. எத்தினை நாளா இழுக்கிறியள்?"

அவள் குரலில் சிரிப்பு இல்லை. அதுதான் எனக்கு முதலில் விளங்கியது. "என்ன மச்சாள், கேக்குக்குப் போடுறதுதானே?" என்றேன். என் குரல் இரண்டு தட்டுக் கீழே இறங்கியிருந்தது.

"கேக்குக்குப் போடுறதைக் கேக்குக்குப் போடுங்கோ. சாப்பாட்டுக்கு நல்லதெண்டு பாக்கிறவையள் வயித்துக்குத்தான் பாத்திருக்கினம், நெஞ்சுக்கில்லை. எண்ணெய் வயித்துக்குள்ளை போனால் செமிக்கும். நுரையீரலுக்குள்ளை போனால் எங்கை போறது? செமிக்கிறதுக்கு அங்கை என்ன குடலோ இருக்கு? அங்கையே தங்கிப் புண்ணாக்கும். எண்ணெயாலையே நியூமோனியா வாறது இருக்கு அத்தான். நான் ஆக்களைப் பாத்திருக்கிறன்."

கையில் இருந்த முந்திரிகை வத்தலைத் திரும்பத் தட்டில் வைத்தேன்.

"அப்ப பட்டர்?" என்றேன், ஏதோ பட்டர் என்னைக் காப்பாற்றும் என்பது போல்.

"பட்டர் வாசத்திலை வேறை வில்லங்கம். அதை வாசமாக்கிற சாமான் சிலதைச் சாப்பிடலாம், சுவாசிக்கக்கூடாது. அதைத் தொடாதது நல்லது."

"கொலஸ்ட்ரோலுக்காகத் தொடேல்லை."

"என்னத்துக்காகவோ." அவளுக்கு அப்போதுதான் உதடு கொஞ்சம் கோணியது. "சீனி, சாயம், எண்ணெய் மூண்டும் கிட்டவும் வரக்கூடாது. ஆவியாக்கிறதுக்கெண்டே எண்ணெயில்லாமல் செய்யிற வாசங்கள் இருக்கு. அதுகூட முழுக்கப் பாதுகாப்பு எண்டு நான் சொல்லமாட்டன், இதைவிடக் குறைச்சல் ஆபத்து, அவ்வளவுதான். திங்கட்கிழமை போய் எக்ஸ்ரே எடுங்கோ. இருமல் இருக்கோ?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். இருமினேன்.

அந்த நொடியிலிருந்து என் நெஞ்சு ஒரு வடைச்சட்டி. ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே எண்ணெய் தளம்புகிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. மனைவி என்னுடைய கருவியைப் பிடுங்கிக் குப்பைக்குள் போட்டாள். என்னைப் பார்த்தாள். பிறகு தன் முழங்காலைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எண்ணெயை எப்படி வெளியே எடுப்பது? சுடுதண்ணி குடித்தேன். மிளகு ரசம் குடித்தேன். எண்ணெய் எப்போதும் மேலேதான் மிதக்கும் என்று எனக்குள்ளே ஒரு விஞ்ஞானி சொன்னான். அப்படியென்றால் தலைகீழாக நின்றால் வாசலுக்கு வந்துவிடுமா, இல்லை இன்னும் ஆழமாகப் போய்விடுமா? இதற்கு விடை கண்டுபிடிக்கச் சோபாவின் முதுகில் வயிற்றை வைத்துத் தலையைக் கீழே தொங்கப்போட்டேன். பழத் தட்டோடு வந்த மச்சாள், "அத்தான், கீழை என்ன தேடுறியள்?" என்றாள்.

"எண்ணெய்."

"எழும்புங்கோ. இரத்தம் தலைக்கு ஏறி அதுக்கு வேறை ஒரு ஸ்கான் எடுக்கவேண்டி வரும்."

ஞாயிற்றுக்கிழமை கோயிலில், சுவாமி பிரசங்கம் வைக்க, நான் என் அடக்கத் திருப்பலியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். பாட்டுக்கள் தெரிவாயின. வந்த சனத்துக்கு இந்த வருசக் கேக்கைத்தான் கொடுப்பார்கள். தின்றுகொண்டே, "பாவம், இதே ஏலக்காயாலைதான் போனவர்" என்பார்கள். "கேக் நல்லாயிருக்கு" என்றும் சொல்வார்கள். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போய் அரைநாள் லீவு கேட்டேன். மன்னார்க்காரன் என் முகத்தைப் பார்த்துவிட்டு விசயத்தைக் கறந்தான். கேட்டதும் அவனுக்கே நக்கல் வரவில்லை. பிறகு பழக்கதோசத்தில் பெட்டியைத் திறந்தான்.

"அண்ணை, எப்பிடியும் நெஞ்சு பழுதாப்போச்செண்டால், இனி என்ன? ஒண்டு பத்துங்கோ. பதட்டம் குறையும்."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு அந்த நேரத்தில் அது நியாயமாகவும் பட்டது. சனிக்கிழமையிலிருந்து கருவியும் இல்லை, வாசமும் இல்லை. உடம்பு முழுவதும் கை நீட்டச் சொன்னது. ஒரு சிகரெட் எடுத்தேன். வாயில்கூட வைத்தேன். அவன் லைட்டரை அடித்தான், காற்றில் அணைந்தது. திரும்ப அடித்தான், அணைந்தது. அந்த இடைவெளியில், மரப்படிகளில் நின்று எனக்காகக் காத்திருந்தவளின் முகம் வந்தது. அவளுக்கு நான் ஏறிவருவேனா என்று அன்றைக்கே சந்தேகம் இருந்திருக்கும். இருந்தும் நின்றாள்.

சிகரெட்டை எடுத்து அவன் பெட்டிக்குள்ளேயே திருப்பிச் சொருகினேன்.

"எச்சில் அண்ணை!" என்று கத்தினான்.

"ஏலக்காய் மணக்கும். நீயே பத்து."

எக்ஸ்ரே எடுக்கிற இடத்தில் என்னைக் குளிர்ந்த பலகைக்கு நெஞ்சை ஒட்டி நிற்கவைத்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பிரெஞ்சில் மூச்சை உள்ளே எடுக்கச் சொன்னாள், எடுத்தேன். பிடித்துக்கொள்ளச் சொன்னாள், பிடித்தேன். படம் எடுத்து முடிந்தது. மூச்சு விடலாம் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும், எனக்குக் கேட்கவில்லை. நான் பிடித்தபடியே நின்றேன். இது சோதனை, எவ்வளவு நேரம் பிடிக்கிறேனோ அவ்வளவுக்கு நுரையீரல் நல்லது என்று எனக்குள் ஒரு வைராக்கியம். அவள் வெளியே ஓடிவந்து, "மிஸ்யூ! ரெஸ்பிரே! ரெஸ்பிரே!" என்று என் முதுகில் தட்டினாள். விட்டேன். "மெர்சி" என்றேன். வேறு என்ன சொல்ல?

முடிவு வரும் வரை நான் வீட்டில் ஒரு கண்ணாடிச் சாமான் மாதிரி நடமாடினேன். மனைவி கார்டெரி என்கிற பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுக் களைத்து வந்து, நான் விடுகிற மூச்சை நின்று கேட்பாள். இரண்டு பேரும் கேக்கைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. கலவை மட்டும் பெரிய பானையில் மூடிக்குக் கீழே தன்பாட்டில் ஊறிக்கொண்டிருந்தது.

டொக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, பழைய சிகரெட்காரனின் நுரையீரல் என்பது தெரிகிறது, புதிதாக ஒன்றும் தெரியவில்லை என்றார். காய்ச்சலோ மூச்சுக் கஷ்டமோ வந்தால் உடனே வா என்றார். வேப்பையும் விட்டால் இன்னும் நல்லது என்றார். நான் எழுந்து அவரைக் கட்டிப்பிடிக்கப் போனேன்; அவர் கதிரையோடு பின்னால் உருண்டார்.

வெளியே வந்து முதலில் மனைவிக்குப் போன் அடித்தேன். "கேக்கை இண்டைக்கே சுடுவம்" என்றாள். குரல் உடைந்திருந்தது. அடுத்து மச்சாளுக்கு அடித்தேன். "நல்லது. ஆனா எனக்கு விளங்கேல்லை" என்றாள். "அவ்வளவு எண்ணெய் விட்டு, அவ்வளவு நாள் இழுத்து, இருமல்கூட ஒழுங்கா இல்லை. அந்தக் கலவைப் போத்தல் எங்கை?"

வேலையிடத்து அலமாரியில் இருந்தது. அதைத் தொட எனக்குப் பயம். மன்னார்க்காரன்தான் கையுறை போட்டு, ஒரு பைக்குள் வைத்து, பாம்பைக் கொடுக்கிற மாதிரிக் கையை நீட்டித் தந்தான்.

அன்று பின்னேரம் மூன்று பேரும் குசினி மேசையைச் சுற்றி இருந்தோம். அடுப்பில் கேக் வெந்துகொண்டிருந்தது. மச்சாள் ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து, மண்ணிறப் போத்தலில் இருந்ததை அதற்குள் ஊற்றிவிட்டுக் காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் அது இரண்டாகப் பிரிந்தது. கீழே தெளிந்த திரவம். மேலே தடிப்பாக, மஞ்சளாக, ஒரு விரல் உயரத்துக்கு எண்ணெய்.

மச்சாள் துளிசொட்டியை எடுத்து டம்ளரின் அடியில் ஊன்றிக் காட்டினாள். "இப்பிடித்தானே உறிஞ்சினனீங்கள்?"

"ஓம்."

"ஊறவிட்ட பேந்து ஒருக்காலும் குலுக்கேல்லை?"

"ஊறினதைக் கலக்கக்கூடாதெண்டு உங்கட அக்காதான்..."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். நாளாந்தம் இரண்டு கறியில் எண்ணெய் மிதக்கிறதைப் பார்க்கிற வீட்டில் இது ஒருவருக்கும் தோன்றவில்லை.

"துளிசொட்டியின்ர நுனியிலை கொஞ்சம் ஒட்டிப் போயிருக்கும்" என்றாள் மச்சாள். "முழுக்கத் தப்பினீங்கள் எண்டு சொல்லமாட்டன். இனி இந்த விளையாட்டு வேண்டாம்." எண்ணெயை டம்ளரோடு எடுத்துக்கொண்டு போனாள்.

நடந்தது இவ்வளவுதான். நான் பாயாசம், கலியாண வீடு என்று சொல்லி இழுத்தது, நான் வேண்டாம் என்று தள்ளின அதே வெறும் திரவம். ஏலக்காய் போத்தலின் மேல் பகுதியில் கிடந்தது. வாசம் என் விரல்களில் இருந்தது. இப்போதும், புதுக் கருவியில், வெறும் திரவத்தைத்தான் இழுக்கிறேன், அதையும் குறைத்துக்கொண்டு வருகிறேன். சிகரெட் பத்தவில்லை. மனைவிக்கு முழங்கால் இன்னும் நோகிறது.